சுடாமல் திரும்பிய பீரங்கி

போர் விமானத்துப் பீரங்கிக்குத் தோட்டா ஏத்துறவன் ஒருநாளும் அதைச் சுடப்போறதில்லை. சுடுமா சுடாதான்னு கவலைப்படத்தான் அவனுக்குச் சம்பளம். கதவைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயி, பூட்டை இழுத்துப் பாக்கத் திரும்பி வர்ற ஆளா நீங்க? அப்ப வாங்க, நீங்க நம்ம கூட்டம்.

ஒரே ஒரு பர்ர்ர்

விமானப்படையில சேர்ந்த புதுசு. தோட்டாவையெல்லாம் இரும்புக் கண்ணியில கோத்து, நீளமா பெல்ட் மாதிரி வச்சிருப்போம். அதுல ஒண்ணு கோணலா உக்காந்தாலும் பீரங்கி நடுவுல நின்னுரும். காலையில இருந்து ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்துப் பயந்து பயந்து ஏத்தினேன். பயிற்சித் திடலுக்கு மேல போயி விமானி விசையை அழுத்தினாரு. துணியைக் கிழிச்ச மாதிரி பர்ர்ருன்னு ஒரு சத்தம். பெல்ட் காலி.

"இதுக்கா சார் இவ்வளவு பாடு?"ன்னு கேட்டுட்டேன். எங்க சார்ஜென்ட் மெட்ராஸ்காரர். திரும்பிப் பாக்காமலே சொன்னாரு: "உன் தப்பு தெரியறதுக்கு அவ்வளவு நேரம் போதும் தம்பி."

மாமா கேட்டது

பொண்ணு பாக்க லீவுல இடைசெவலுக்கு வந்தேன். மாமனாரா வரப்போறவிய பருத்திக் காட்டுல நின்னாவ. "அதான் ராக்கெட்டு வந்துட்டே, பொறவு பீரங்கி எதுக்கு?"ன்னு கேட்டாவ.

எனக்கு உற்சாகம் தாங்கலை. வெளிநாட்டுல ஒரு காலத்துல இப்படித்தான் நெனச்சு, பீரங்கியே இல்லாம விமானம் செஞ்சாங்க. எதிரி ரொம்பக் கிட்டக்க வந்ததும் ராக்கெட்டு உதவலை. திரும்பவும் பீரங்கியை மாட்டினாங்க. இதையெல்லாம் நீட்டி முழக்கினேன். மாமா ஒரு பருத்திக்காயை நசுக்கிப் பாத்துக்கிட்டே கேட்டாவ: "இன்னொரு தரம் பீரங்கியைக் கழத்திட்டான்னா பொழைப்புக்கு நீங்க என்ன செய்வீய, மாப்ள?"

பாதியில நின்ன சத்தம்

நல்லவேளை, பொண்ணு குடுத்துட்டாவ. கல்யாணம் முடிஞ்சு வேலைக்குத் திரும்பின கொஞ்ச நாள்ல, பயிற்சியில அந்தப் பர்ர்ர் பாதியில நின்னுபோச்சு. பெல்ட் ஏத்தினது நான்.

விமானம் இறங்கி, மூக்கை மண்மேட்டுப் பக்கம் திருப்பி நின்னுச்சு. உள்ள தோட்டா இருக்கையில யாரும் குழலுக்கு நேரா போகக்கூடாது. பக்கவாட்டுல போயி, சுடாம இருக்க ஊசியைச் செருகிட்டுப் பிரிச்சேன். தோட்டா ஒண்ணு வெடிக்காத சொத்தை. என் தப்பு இல்லை. ஆனாலும் மிச்சத் தோட்டாவையும் ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்தேன். சின்ன வயசுப் பஞ்சாபிக்காரர் அந்த விமானி. பக்கத்துல நின்னு பாத்துட்டு இந்தியில சொன்னாரு: "உங்க கை நடுங்குது. நிஜச் சண்டைன்னு வந்தா எனக்கு நீங்கதான் ஏத்தணும்."

நிஜம்

எல்லையில பதட்டம் கூடி, அந்த நாளும் வந்துட்டு. அவரு விமானத்துக்கு நான்தான் ஏத்தினேன். தடவின தோட்டாவையே திரும்பத் தடவினேன். விமானம் மேல போயிருச்சு. என் பெல்ட் சிக்கினா அந்தப் பிள்ளை திரும்பி வராது.

வந்துட்டாரு. சுடுறதுக்கு வேலையே வரலையாம். பெல்ட்டை வெளிய இழுத்தேன், போட்ட தோட்டா போட்டபடியே இருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அவரு என் தோளைத் தட்டிச் சொன்னாரு: "உங்க பெல்ட் நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியற நாளே வர வேண்டாம்."

நான் சரியா ஏத்தினேனா இல்லையான்னு கடைசிவரைக்கும் தெரியாமப் போனதுக்குத்தான், என் வீட்டுக்காரி இடைசெவல்ல அம்மனுக்குப் பொங்கல் வச்சா.