பத்து வீதத்தில் வரும் சத்தம்

தங்கராஜ் அண்ணன் இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் எனக்கு வந்தது. தொலைபேசியில் பேசியவர் எங்கள் அலுவலக இணைப்பாளர். "தங்கராஜ் ரயிலில அடிபட்டுப் போயிட்டான் பிள்ளை. அப்புத்தளைப் பக்கம். நீர் வாறீரோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் எப்போதும் நிறையக் கதைப்பவர். அன்று நான் வருகிறேன் என்றதும் வைத்துவிட்டார்.

அவர் குடியிருந்த லயத்தின், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளின், வாசலில் தூறலில் நின்றிருந்தோம். எனக்குப் பின்னால் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

"கூவிக்கிட்டேதான் வந்துச்சாம்."

"ஆமா. திரும்பிக்கூடப் பாக்கலயாம்."

"அப்ப வேணுமின்னுதான். வீட்ல என்ன பாடோ, அந்தப் பொம்பளைக்குத்தான் வெளிச்சம்."

அவருடைய மனைவி பார்வதி அக்கா பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் அது விழுந்திருக்கும். அப்படிப் பேசியவர்களுக்கும், கேட்டும் பேசாமல் இருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இரண்டாவது கூட்டத்தில் இருந்தேன்.

தங்கராஜ் அண்ணன் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷின்களுக்கு நடுவே பதினெட்டு வருஷம் வேலை செய்தவர். அது மூடப்பட்ட பின் மனைவி பிறந்து வளர்ந்த அப்புத்தளைத் தோட்டத்துக்குக் குடிவந்தார். தோட்ட மக்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எடுத்துக்கொடுக்கும் வேலையைப் பதுளையில் எங்கள் சிறிய நிறுவனம் தொடங்கியபோது வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தார். நாற்பது வயதுக்கு மேல் கணினி பழகினார். இரண்டு விரலால்தான் அடிப்பார். ஆனால் அவர் பட்டியலில் பெயர்ப் பிழை இருக்காது. வந்தவரின் முகத்தை நேராகப் பார்த்துப் பெயரைக் கேட்பார், தானே உரக்கத் திருப்பிச் சொல்வார், அவர் தலையாட்டிய பிறகே அடிப்பார். "பேரத் தப்பா எழுதுன ஆளுகளாலதான் இந்தச் சனம் கார்டு இல்லாமக் கெடக்கு" என்பார். இணைப்பாளருக்கு இதில் பெருமை. "தங்கராஜைப் போல முகம் பாத்துக் கதைக்கிற மனிசன் எங்கட ஒபிசில இல்லை" என்று எல்லோரிடமும் சொல்வார்.

ஆவணங்களையும் கணினிகளையும் நான் பார்த்துக்கொண்டேன். வெளியே கொண்டுபோக இரண்டு பழைய மடிக்கணினிகள் இருந்தன. பற்றரி இரண்டு மணிநேரம் தாங்கினால் பெரிது. எங்கள் பதிவு மென்பொருள் திரை முழுவதையும் மூடிக்கொள்ளும்; பற்றரி குறைகிறது என்ற செய்தி அதன் பின்னால் மறைந்துவிடும். சேமிக்கச் சொன்னால் நாலைந்து நிமிடம் உறைந்து நிற்கும் என்பதால், வரிசையில் ஆட்கள் நிற்கும்போது யாரும் அடிக்கடி சேமிப்பதில்லை. பற்றரி பத்து வீதத்துக்கு இறங்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் வேலை நடந்தது. கேட்டவுடன் சேமித்துவிட்டு மாற்றுப் பற்றரியைப் போட வேண்டும்.

மடுல்சீமைத் தோட்டத்தில் பெயர் பதியும்போது மூன்று தடவை தங்கராஜ் அண்ணனின் கணினி அப்படியே அணைந்தது. காலை முழுக்கப் பதிந்த பெயர்கள் போயின. கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் வந்து நின்ற பெண்களை மறுபடி வரச்சொல்ல வேண்டியிருந்தது. "பேரு குடுக்க ஒரு நாளு, குடுத்த பேரு காணாமப் போனதுக்கு ஒரு நாளு. கார்டு வர்றதுக்குள்ள நாங்களே இருக்க மாட்டோம் ஐயா" என்றாளாம் ஒருத்தி. அவர் அதை என்னிடம் சொல்லிவிட்டு, "சத்தமே வரல மிஸ். பொட்டி ஊமையாயிருச்சு" என்றார்.

மூன்று முறையும் சோதித்தேன். மின்சக்தி அமைப்பில் எச்சரிக்கை ஒலிக்கான குறி இருந்தது. ஒலியளவு முழுதாக இருந்தது. ஒலிக் கோப்பை மாற்றிப் போட்டேன். பிறகு என் மேசையில் வைத்துப் பற்றரியைத் தானாக இறங்கவிட்டேன். பத்து வீதத்தில் ஒழுங்காகக் கத்தியது. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஒங்களுக்குப் பயந்துக்கிட்டுக் கத்துது மிஸ். என்னைய மதிக்க மாட்டேங்குது."

இணைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "பிழை மெசினிலயோ, மனிசனிலயோ? எழுதித் தாரும். அடுத்த மாசம் அவன்ர ஒப்பந்தம் புதுப்பிக்க வேணும்." நான் எழுதினேன்: கருவியில் குறை இல்லை, பயன்படுத்துபவரின் கவனக்குறைவாக இருக்கலாம். அதைப் பையில் வைத்துக்கொண்டு, கொடுக்கும் முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அவருடன் மடுல்சீமைக்குப் போனேன்.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டிருந்தார்கள். வேலைக்குப் போன தாய்மாரின் குழந்தைகள் ஒரு பக்கம் தூங்க, நான் தங்கராஜ் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்குச் சத்தம் வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கணினியைப் பார்த்தார்கள். தொட்டிலில் ஒரு குழந்தை விழித்து அழுதது. தங்கராஜ் அண்ணன் மட்டும் குனிந்து அடித்துக்கொண்டே இருந்தார். சத்தம் மறுபடி வந்தது. "ஐயா, என்னமோ கத்துதுங்க" என்றாள் முன்னால் நின்றவள். அவர் நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தார். அதன்பிறகுதான் கை சேமிக்கும் பொத்தானுக்குப் போனது.

பஸ்ஸுக்கு நடந்தபோது நான் பின்தங்கி, சாதாரணக் குரலில் "அண்ணே" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்று, காது கேட்கவில்லையா என்று கேட்டேன்.

"மெல்லிசா வர்ற சத்தம் எதுவும் இப்ப கெடையாது மிஸ். குருவி போச்சு, விசில் போச்சு. ரோலர் ரூம்ல இருந்தவங்க எல்லாருக்கும் கொஞ்சம் மந்தம்தான். ஆனா நெசமாவே பொட்டிதான் ஊமைன்னு நெனச்சேன். இன்னக்கி அந்தப் பொம்பளைக எல்லாம் ஒண்ணாத் திரும்பினப்பதான் வெளங்குச்சு."

"ஆபீஸ் சேர்கிட்டச் சொல்லுவோம் அண்ணே."

"சொன்னா வேல போயிரும். பேரு எழுதுற வேலைக்கு செவுடன யாரு வப்பா? மக வாணி இன்னும் ரெண்டு வருசம் படிக்கணும். யாருக்கும் சொல்லாதீங்க. வீட்டுக்கும்தான்."

பையில் இருந்ததைக் கிழித்துவிட்டு வேறோர் அறிக்கை எழுதினேன்: ஒலிபெருக்கி பழுது, திருத்தியாகிவிட்டது. பிறகு அலுவலக இரும்பு அலுமாரியின் கதவில் கையால் ஓங்கி அடித்து, அந்த 'டம்' சத்தத்தைப் பதிந்து எச்சரிக்கை ஒலியாகப் போட்டேன். அவருக்குக் கேட்டது. "இப்பத்தான் ஆம்பளக் கொரல்ல பேசுது" என்றார். அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

ஒரு வருஷத்தில் அதுவும் கேட்கவில்லை. ஒலியைப் பெருக்கினேன். அதற்கடுத்த வருஷம் அதுவும் போதவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். "காதுல மெஷின் மாட்டுனா ஊருக்கே போஸ்டர் ஒட்டுன மாதிரி மிஸ்" என்று சிரித்துக்கொண்டே மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. பதிலாக, பற்றரி பத்து வீதத்துக்கு வந்தால் கணினி எல்லாவற்றையும் தானே சேமித்துவிட்டு அணையும்படி அமைத்தேன். சத்தத்துக்கான குறியை எடுத்துவிட்டேன். அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவருடைய காது எந்த வருஷம் எவ்வளவு போனது என்பது அந்த மடிக்கணினியின் அமைப்புகளில் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அப்புத்தளையில் எல்லோரும் ரயில்பாதையில்தான் நடக்கிறார்கள். பயணிகள் வண்டி போகும் நேரங்கள் அவருக்கு மனப்பாடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் பாதையில் இறங்குவார். அன்று வந்தது சரக்கு வண்டி. அதற்கு நேரம் கிடையாது. பனிமூட்டம், வளைவு, எதிர்க்காற்று. அது கூவியது உண்மை. அவர் திரும்பாததும் உண்மை. அவருக்குக் கேட்கவில்லை. அதற்கு மேல் அந்தச் சாவில் எந்த இரகசியமும் இல்லை. பார்வதி அக்கா மேல் எந்தக் குற்றமும் இல்லை.

எட்டாம் நாள் போய் இதைச் சொன்னேன். பார்வதி அக்கா, "மந்தமின்னு தெரியும். கூப்பிட்டாத் திரும்ப மாட்டாரு, ஆபீஸ் நெனப்புன்னு திட்டிக்கிட்டே இருப்பேன்" என்றார். மகள் வாணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் இறப்பதற்கு முந்தின நாள், கம்ப்யூட்டர் வகுப்புக்காகக் கொழும்புக்குப் போவதைப் பற்றி அப்பாவுக்கும் அவளுக்கும் வாய்த்தகராறு நடந்திருக்கிறது.

"காலையில அவரு போறப்ப பின்னாலேருந்து கூப்பிட்டேன் மிஸ். மூணு தடவ. திரும்பாமப் போனாரு. என் மேல கோவத்துலதான் போயிட்டாருன்னு..."

"அவருக்குக் கேக்கல வாணி. பின்னால நின்னு நான் கூப்பிட்டாலும் கேக்காது."

"ஒங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மூணு வருசமா."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எங்ககிட்டச் சொல்லியிருந்தா நான் ஓடிப்போய்க் கையப் புடிச்சிருப்பேனே."

இது எழுதப்படுவது அவர்கள் இருவரின் சம்மதத்துடன். தங்கராஜ் அண்ணனின் சம்மதம் இல்லை. அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். முகம் பார்த்துப் பேசும் பழக்கத்தை அவரிடமிருந்து பெற்றேன் என்று முடிக்கத்தான் நினைத்திருந்தேன். பெற்றதும் உண்மை. ஆனால் என்னோடு தங்கியிருப்பது, ஓடிப்போய்க் கையைப் பிடித்திருப்பேனே என்று வாணி சொன்ன அந்த ஒரு வாக்கியம்.