சாமி அலுமாரியில் ஒரு கைத்துவக்கு

எங்கள் மேல்வீட்டுக் கிழவருக்கு அமெரிக்கப் பைத்தியம். இப்போதைய அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். அவருக்கு வேண்டியது நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய அமெரிக்கா: குதிரை, தூசி, இடுப்பில் தொங்குகிற ரிவோல்வர். ஜெர்மனியில் எசன் நகரத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். சனிக்கிழமைகளில் அகன்ற தொப்பியும் தோல் சப்பாத்தும் போட்டுக்கொண்டு படியிறங்குவார். நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளியில் அவரைப் போன்ற ஆட்கள் சேர்ந்து கூடாரம் அடித்து, இரும்புச் சட்டியில் சமைத்துச் சாப்பிட்டு, பட்டப்பெயர்களால் கூப்பிட்டுக்கொண்டு சந்தோசமாக இருப்பார்கள். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். என் நிறத்தைப் பார்த்ததும் யாரோ ஓடிப்போய்ச் செவ்விந்தியர் போடுகிற இறகுத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குளிராக இருந்தது, போட்டுக்கொண்டேன்.

அவர் வீட்டில் ஓர் இரும்பு அலுமாரி. அதற்குள் அந்தக் காலத்து ரிவோல்வர்கள். எல்லாம் முறைப்படி பதிந்தவை, அனுமதி உள்ளவை என்று பெருமையாகச் சொல்வார். கோப்பி குடிக்கப் போனால் ஒன்றை எடுத்து, வெறுமையாக இருக்கிறது என்று காட்டிவிட்டுப் பிரசங்கம் தொடங்குவார். இது விசையை இழுத்தால் மட்டும் சுடாது. ஒவ்வொரு வெடிக்கும் பின்னாலிருக்கிற சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து நிமிர்த்த வேண்டும். இழுக்கும்போது கடகடவென்று சத்தம் வரும், உருளை ஓர் அறை சுழலும். ஆறு அறைகள் இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா போடுவார்களாம். சுத்தியல் படுத்திருக்கிற அறை வெறுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை தவறிக் கீழே விழுந்தாலே வெடித்துவிடும். “மூளையுள்ள எவனும் ஐந்துதான் போடுவான்” என்பார். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டு இருப்பேன். இலங்கையில், எங்கள் ஊரில் எத்தனையோ துவக்குகளைப் பார்த்தவன் நான். எல்லாம் எங்களை நோக்கி நீட்டப்பட்டவை, ஒன்றையும் தொட்டதில்லை. ஒரு மனிதன் அதைப் பஞ்சுத்துணியால் துடைத்துத் துடைத்து ரசிப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் நான் வேலையால் வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

“இஞ்சேருங்கோ, மேல்வீட்டு ஐயாவை அம்புலன்சிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள். நெஞ்சுக்குள்ளை ஏதோ. அதுக்கு முதல் இறங்கி வந்து ஒரு பெட்டி தந்தவர். தான் வருமட்டும் வைச்சிருக்கட்டாம்.”

“என்ன பெட்டி எண்டு கேட்டனீரோ?”

“நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மனிசனிட்டை கேள்வி கேக்கிறதோ?”

எங்கள் ஆட்கள் அப்படித்தான். நோயாளி ஒருவர் இரண்டு கையாலும் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்குவோம். மற்றவரின் சாமானைத் திறந்து பார்க்கமாட்டோம். நம்பித் தந்த பொருள் சாமியடியில்தான் இருக்க வேண்டும் என்பது மனைவியின் சட்டம். பிள்ளைகள் வளர்ந்து வெளியே போனபின் அவர்களின் சின்ன அறை சாமி அறையாகியிருந்தது. அங்கே அலுமாரித் தட்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் பெட்டியை வைத்துவிட்டாள். கிழவர் சுகமாகி வரவேண்டும் என்று தினமும் அதன்மேல் ஒரு பூவும் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய காப்புறுதி அட்டையைக் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருவேளை பெட்டிக்குள் இருக்கலாம் என்றுதான் நான் கொளுக்கியை நீக்கினேன். பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மூடியைத் திறந்தால், சிவப்புத் துணியில் ஒரு ரிவோல்வர். மரப்பிடி, நீலம் உரிந்த இரும்பு. முன்பக்கமாகக் குனிந்து பார்த்தேன். உருளையின் அறைகளில் ஈயத் தலைகள் தெரிந்தன. சுத்தியலுக்கு நேரான அறை குழலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அது வெறுமையாகத்தான் இருக்கும், மூளையுள்ள எவனும் ஐந்துதான் போடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“சிவசிவா. உதை எடுத்து அங்காலை வையுங்கோ” என்றாள் மனைவி.

“நீர் எடும் பாப்பம்.”

அவளும் எடுக்கவில்லை. தோட்டாவைக் கழற்றவும் எங்களால் முடியாது, ஏனென்றால் கழற்றுவதற்கும் அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் இழுக்க வேண்டும், பெருவிரல் வழுக்கினால் கதை முடிந்தது. அன்று பின்னேரம் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். துவக்கை நகர்த்த ஏலாது, ஆனால் சாமிகளை நகர்த்தலாம். பிள்ளையார், முருகன், சரஸ்வதி, குத்துவிளக்கு எல்லோரும் குசினிக்குக் குடிபெயர்ந்தார்கள். மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் நின்று முருகன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி அறை முழுவதும் துவக்குக்கென்றாகிவிட்டது.

சிரிப்பு வருகிறதா? எங்களுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. நாங்கள் அகதிப் பயணப் பத்திரத்தோடு இருந்தவர்கள். அதை வைத்துக்கொண்டு எங்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. மனைவியை வளர்த்த அக்கா யாழ்ப்பாணத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஜெர்மன் குடியுரிமைக்குப் போட்ட அன்ராக், அதுதான் விண்ணப்பம், ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் சரிவந்து, குடியுரிமைப் பத்திரம் வாங்குவதற்கு நாள் குறித்து டெர்மினும் தந்துவிட்டார்கள். அதற்கிடையில் பொலிஸ் பிரச்சினை ஏதாவது வந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குள் ஒரு துவக்கு.

“ஊரிலையெண்டால் வளவுக்குள்ளை தாட்டிருக்கலாம்” என்றாள் மனைவி.

“மூண்டாம் மாடியிலை எங்கை கிடங்கு கிண்டுறது?”

தெருவில் கொண்டுபோனால் அதுவே குற்றம். அவர் வீட்டிலேயே திருப்பி வைக்கலாமென்றால், கிழவரின் வீட்டுத் திறப்பு அவருடைய காற்சட்டைப் பையோடு ஆஸ்பத்திரியில் இருந்தது. வாய்க்காலில் எறியலாம் என்று நினைத்தேன், அதற்கும் அதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமே! பொலிசைக் கூப்பிடலாம். அப்படிச் செய்தால் அக்காவைப் பார்க்கிற வாய்ப்பையும் பணயம் வைத்து, நம்பித் தந்த நோயாளியையும் காட்டிக்கொடுத்தவனாவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வீட்டில் மெதுவாக நடந்தோம். கதவை அடித்துச் சாத்துவதில்லை. பிள்ளைகள் வரப்போகிறோம் என்றபோது தடிமன், காய்ச்சல் என்று பொய் சொன்னோம். ஓர் இரும்புத் துண்டு எங்களை எங்கள் வீட்டுக்குள்ளேயே மறியலில் வைத்திருந்தது.

அந்த நாட்களில், தீப்பிடித்தால் கத்துகிற புகைமணியைப் பரிசோதிக்கிறவர் வேறு வந்துவிட்டார். ஒவ்வோர் அறைக்குள்ளும் வந்து கூரையிலிருக்கிற மணியை அமத்திப் பார்க்க வேண்டுமாம். தடுக்கவும் முடியாது. அவர் சின்ன ஏணியைக் கொண்டுபோய் அந்த அலுமாரிக்குப் பக்கத்திலேயே விரித்தார். மனைவி அலுமாரிக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, கையில் வடைத் தட்டோடு நின்றாள். மணி வீரிட்டபோது நான் கண்ணை மூடிவிட்டேன். வெடிக்கவில்லை. அந்த மனிதர் இரண்டு வடை சாப்பிட்டு, நல்ல உறைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்தநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிழவர் வயர்களுக்கு நடுவில் சின்னப்பிள்ளை போலக் கிடந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவரும் ஒளிக்கவில்லை. மற்றவை எல்லாம் பதிந்தவை, இது மட்டும் பதியாதது. எப்போதோ ஒரு கூட்டாளியிடம் வாங்கியது, அசல் அமெரிக்காவில் செய்தது, அவருக்கு உயிர் போன்றது. இரும்பு அலுமாரியைச் சோதிக்க அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். தான் இல்லாத நேரத்தில் வந்து கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

“இத்தனை வீடுகள் இருக்க ஏன் எங்களிடம்?” என்று கேட்டேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “வேறு யாரும் உடனே பொலிசைக் கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் கூப்பிடமாட்டீர்கள். உங்களுக்குப் பயம் தெரியும்.”

பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ட்ராமில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்குக் கொதித்துக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் நம்பியது எங்கள் நல்ல மனதை அல்ல, எங்கள் பயத்தை. இரும்பு அலுமாரியைவிட உறுதியான பூட்டு என்று எங்களைப் பார்த்து முடிவுசெய்திருக்கிறார். மனைவியிடம் சொன்னேன். குசினியில் முருகனுக்கு முன்னால் நின்று கேட்டவள், அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அக்கா?” என்றேன்.

“அக்கான்ரை முகத்திலை முழிக்கிறதெண்டாலும் உதை வைச்சுக்கொண்டு ஏலாது. எடுங்கோ போனை.”

எடுத்தேன்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெர்மின் நடந்தது, குடியுரிமை கிடைத்தது. மனைவி யாழ்ப்பாணம் போய், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தாள். கிழவரின் அனுமதி பறிபோய், அலுமாரியில் இருந்தவை எல்லாம் போய்விட்டன. அவர் வீடு திரும்பவில்லை, ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது இவை எதுவும் அல்ல.

பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும். மரியாதையான பிள்ளைகள். சப்பாத்தோடு சாமி அறைக்குள் போனபோது மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இளைஞன் கையுறை போட்டு, எங்களைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, உருளையைச் சுழற்றிச் சுழற்றித் தோட்டாக்களைத் தள்ளி எடுத்து மேசையில் நிறுத்தினான். ஆறு. ஐந்து என்று நம்பித்தான் நாங்கள் அந்த அறைக்குள் மூச்சுவிட்டோம். சுத்தியலுக்கு நேர் கீழேயும் ஒன்று இருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் கிழவர் முன்னால் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

உங்கள்மேல் பிழை இல்லை, கூப்பிட்டது நல்லது என்றார் அந்தப் பெண். பிறகு, இதை உங்களிடம் தந்தது யார் என்று கேட்டார். போனில் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இத்தனை வருசம் பேசிய ஜெர்மன் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் பொறுமையாக இருந்துவிட்டு, பேனாவால் கூரையைக் காட்டினார். “மேலே இருக்கிறவரா?”

எங்கள் ஊரில் ஆமி சுற்றிவளைத்தால் ஆண்களைக் கோயில் வீதியில் வரிசையாக நடத்துவார்கள். வரிசை முடிகிற இடத்தில் ஒரு ஜீப். அதற்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் ஒன்றும் பேசமாட்டான். அவன் தலை அசைந்தால் முன்னால் நிற்கிறவனை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். நானும் இளவயதில் அந்த வரிசையில் நடந்தவன். எனக்கு முன்னால் அந்தத் தலை அசையவில்லை, அதனால்தான் இன்று எசனில் இருந்து இதை எழுதுகிறேன். யாரென்றே தெரியாத அவனை இவ்வளவு காலமும் திட்டி வந்திருக்கிறேன். அவனுக்கும் வீட்டில் யாராவது வழி பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்தப் பெண் மறுபடியும் கேட்டார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாய் திறக்கவில்லை. தலையை ஆட்டினேன்.