கம்பிக்கு அடியில் போன இங்கிலீஷ்

கோலார் தங்கவயலுக்கு நான் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்றுவரை ஒரு வெள்ளைக்காரனும் என்னிடம் நின்று பேசுகிற பேச்சு ஒன்றும் பேசியதில்லை. எல்லாம் நகர்த்துகிற பேச்சுதான். விடிந்தால் கோ டவுன். ஷிப்டு முடிந்தால் கம் அப். சுரங்கக் காப்டனின் நாய்க்கு என் முகம் பிடிக்காவிட்டால் கோ அவே. அண்ணா, குடியாத்தத்தில் இருக்கும் நீங்கள் எதிரே வருகிறவனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். இங்கே சாப்பிட்டவனும் நகர வேண்டும், சாப்பிடாதவனும் நகர வேண்டும். தமிழில் நமக்கு இறங்க ஒரு சொல், ஏற ஒரு சொல், நுழைய, கடக்க, சுற்ற என்று ஒவ்வொரு போக்குக்கும் ஒரு சொல் உண்டு. இவர்கள் சிக்கனக்காரர்கள். கோ என்று ஒரே ஒரு மாட்டை வைத்துக்கொண்டு, அப், டவுன், அண்டர், த்ரூ என்று வாலை முறுக்கியே வேண்டிய பக்கம் ஓட்டிவிடுகிறார்கள். அந்த வால் முறுக்கும் வித்தை எனக்கும் தெரியும் என்று நினைத்தேன். அதனால் நேர்ந்ததைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு என் மாமனாரிடம் காட்டாதீர்கள்.

வித்தை கற்ற கதை சின்னதுதான். மிஷன் பள்ளியில் நாலு வகுப்பு. பரீட்சை பார்க்க வந்த துரை, கதவுக்குப் போ, கதவைத் தாண்டிப் போ, பள்ளியைச் சுற்றிப் போ என்று இங்கிலீஷில் வரிசையாகச் சொன்னார். ஒரு பிசகும் இல்லாமல் செய்தேன். திரும்பி வா என்று அவர் சொல்லவில்லை. நானும் வீட்டுக்குப் போய்விட்டேன். என் படிப்பு அத்துடன் முடிந்தது. ஆனால் சுரங்கத்துக்குள் தள்ளுவண்டி தள்ளுகிறவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால், நாங்கள் குடியிருக்கும் கூலி லைனில் என் பெயரே மறந்துபோய், பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நான் 'இங்கிலீசு' ஆகிவிட்டேன். அந்தப் பட்டம் தலைக்கு ஏறியிருந்தது.

எங்கள் லைன் மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். மண் சுவரும் மூங்கில் தட்டியுமாக இருபது குடிசைகள். எதிரே துரைமார் பங்களாக்கள். அவற்றின் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. பெண்கள் நேரே நடந்து போய் இறைத்து வருவார்கள். போன கோடையில் எவளோ ஒருத்தியின் கால் பட்டு ரோஜாச் செடி ஒன்று ஒடிந்ததாம். மறுநாளே முள்கம்பி வேலி வந்துவிட்டது. சுரங்கத்தில் கூரை இறங்குகிறது, ஒரு முட்டுக் கட்டை கொடுங்கள் என்று கேட்டால் ஒரு மாதம் ஆகும். ரோஜாவுக்கு ஒரே நாள்.

வேலி வந்த பிறகு கிணற்றுக்குப் போக ஒரே வழி, தங்கம் எடுத்த பிறகு கொட்டுகிற வெள்ளை மண்மேட்டைச் சுற்றிப் போவதுதான். அந்த மண்ணில் கலந்திருக்கும் மருந்து வெடித்த பாதத்தை அரிக்கும். அங்கே தேங்கிய தண்ணீரைக் குடித்த ஆடு எழுந்திருக்கவில்லை. என் மனைவி பாக்கியத்துக்கு அப்போது ஆறு மாதம். இடுப்பில் ஒரு குடம், வயிற்றில் ஒரு குடம் என்று அவளே சிரித்துக்கொள்வாள். வீடு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஆகவே பெண்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குதிரை லாயத்துக்குப் பின்னால் கம்பி கொஞ்சம் தொய்ந்திருந்தது. காவல்காரன் திம்மப்பா காலையில் பீடி பற்றவைக்கிற நேரத்தில், ஒவ்வொருத்தியாகக் கம்பிக்கு அடியில் நுழைந்து தண்ணீர் எடுத்து வந்துவிடுவார்கள். லைன் முழுவதும் அறிந்த ரகசியம். வெளியே ஒரு மூச்சு விட்டதில்லை.

இந்தத் திருட்டு நடை வேண்டாம், முறையாக வேலியில் ஒரு சின்னத் திட்டிவாசல் கேட்டு மனு எழுதுகிறேன் என்று நான் கிளம்பினேன். எதிர் வீட்டுக் காளியம்மா, "தம்பி, அடங்கிக் கெடக்குறத ஏன் கெளர்ற?" என்றாள். கேட்டேனா? லைனை விட்டு அவுட், சரிவில் டவுன், மண்மேட்டைச் சுற்றி அரவுண்ட் என்று எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தால் மனு சோனியாக இருந்தது. அண்டர், பிஹைண்ட், பாஸ்ட், த்ரூ என்று எத்தனை நல்ல சரக்கு கைவசம் சும்மா கிடக்கிறது! கிணறு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று துரைக்கு விளங்க வேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, இரண்டாம் தாளில் எழுதினேன்: கம்பிக்கு அண்டர் போய், லாயத்துக்கு பிஹைண்ட் போய், சமையல் கட்டைப் பாஸ்ட் போய், தோட்டத்துக்குள் த்ரூ போனால் இதோ கிணறு. எழுதி முடித்ததும் என் கையை நானே முத்தமிட்டுக்கொண்டேன். அந்தக் கையைத்தான் இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

லைன்களை மேற்பார்க்கும் கேம்ப் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஷோ மீ," என்று தொப்பியைப் போட்டார். நான் முன்னே, அவர் பின்னே. வழி நெடுகத் தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அண்டர்?"

"எஸ் சார். அண்டர்." தொய்ந்த கம்பியை நானே தூக்கிக் காட்டினேன்.

"பிஹைண்ட்?"

"எஸ் சார், பிஹைண்ட்."

கிணற்றடியில் நின்று, "வெரி குட் இங்கிலீஷ்," என்றார். திட்டிவாசல் கிடைத்துவிட்டது என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். மத்தியானத்துக்குள் மூன்று ஆட்கள் கட்டையும் கம்பியுமாக வந்து, தொய்ந்த இடத்தில் நாலு வரி புதுக்கம்பி இழுத்துக் கட்டினார்கள். சாயங்காலம் எனக்கு உத்தரவு வந்தது: சுரங்கம் போதும், நாளை மறுநாள் முதல் ஆபீஸில் நகல் எழுத வா. தோட்டத்து வழியாக ஆபீஸ் போக எனக்கு மட்டும் ஒரு சீட்டு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வருஷம் தலைக்கு மேல் பாறையை வைத்துக்கொண்டு வேலை செய்தவன் நான். ஆகாசம் தெரிகிற இடத்தில் ஸ்டூல் போட்டால் உட்கார்ந்துவிடுவேன்.

லைனில் காளியம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னா இங்கிலீசு, பொண்டாட்டி நொழையற பொந்தக் கூட வுடாம எழுதிக் குடுத்துட்டியாமே?"

"நல்லதுக்குத்தாங்க்கா எழுதினேன்."

"யாரு நல்லதுக்கு? எங்க காலு போற வழியத் தொரைக்குப் படிச்சிக் காட்டி, நீ நாற்காலி வாங்கிக்கின."

"நாற்காலி இல்லக்கா, ஸ்டூலு."

"த்தூ," என்றாள். அது எந்த மொழியிலும் விளங்கும். பாக்கியம் கத்தவில்லை. "ஊர்ல நம்ம வூட்டு அடுப்பங்கரைக்கே உங்களுக்கு வழி தெரியாது. தொரைக்குத்தான் எல்லா வழியும் காட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டு, மறுநாள் விடிகாலையில் குடத்தை எடுத்துக்கொண்டு வெள்ளை மேட்டைச் சுற்றப் போனாள். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவள் குடத்தை அவர்களில் ஒருத்தி என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அது காலியாக இருந்தது.

அடுத்த நாள் அந்தக் குடத்தோடேயே ஆபீஸுக்குக் கிளம்பினேன். தோட்டத்துக் கேட்டில் திம்மப்பா எழுந்து சலாம் போட்டான். முந்தின வாரம் வரை என்னைக் கல்லால் எறிந்து விரட்டியவன். சீட்டைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான்.

"நீங்க போங்க ஸ்வாமி. கொடம் பேடா, வேண்டாம்."

"அதே ஆள்தானே கொண்டுபோறேன்?"

"ஆளுக்குத்தான் சீட்டு. கொடத்துக்கு இல்ல. கொடம் உள்ள போகக்கூடாது, வெளிய வரக்கூடாது. ஆர்டரு."

லைனுக்குத் திரும்பிக் குடத்தைப் பாக்கியத்திடம் கொடுத்து, வேலிக்கு வெளிப்பக்கமாகவே லாயத்துக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னேன். உள்ளே போய் லாயத்து வாளியை எடுத்தேன். அது தோட்டத்து வாளி, எங்கேயும் போகப்போவதில்லை. கிணற்றில் மொண்டு வந்து, கம்பிக்கு மேலே கையை நீட்டி அவள் குடத்தில் ஊற்றினேன். பாதி உள்ளே, பாதி அவள் புடவையில். திம்மப்பா ஓடி வந்து பார்த்தான். ஆள் தாண்டவில்லை, குடம் தாண்டவில்லை, வாளியும் தாண்டவில்லை. தண்ணீருக்கு ஆர்டர் உண்டா என்று யோசித்துக்கொண்டே நின்றான். அதற்குள் அவளுக்குப் பின்னால் ஏழு குடம் சேர்ந்துவிட்டது.

காளியம்மா கடைசியில் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் குடத்தை நீட்டி, "சிந்தாம ஊத்து, கொமாஸ்தா," என்றாள். ஆபீஸுக்கென்று கடன் வாங்கி மாட்டியிருந்த கோட்டின் கை முள்கம்பியில் வசமாகச் சிக்கிக்கொண்டது. விடுவிக்க வேண்டுமானால் வாளியைக் கீழே வைக்க வேண்டும். ஆபீஸ் மணி அடித்தது. கை லைன் பக்கம், கால் பங்களா பக்கம். நடுவில் வாளி கனத்துக்கொண்டிருந்தது. காளியம்மாவின் குடமோ லைனிலேயே பெரியது.