முள் பார்க்கிற வேலை

கண்ட்ரோல் ரூமில் உட்காருகிறவனுக்கு ஒரு நாள் நல்லபடியாக முடிந்தால், வீட்டுக்குப் போய்ச் சொல்ல அவனிடம் ஒன்றுமே இருக்காது. பாய்லர் பார்த்தவர்களும், செம்பனை எண்ணெய் ஆலையில் பிரஷர் மீட்டருக்கு முன்னால் முதுகுவலி வாங்கியவர்களும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு வேலை. ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து, பம்ப் வைத்துக் குன்றுகளின் மேல் இருக்கும் தொட்டிகளுக்கு ஏற்றுவார்கள். அங்கிருந்து அது வீடுகளுக்கு இறங்கும். எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று எங்கள் அறையில் ஒரு முள் காட்டும். பக்கத்தில் ஒரு பேனா, நகரும் தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். தொட்டி நிரம்பினால் பம்ப் தானாக நிற்கும், குறைந்தால் தானாக ஓடும். எல்லாம் தானாக நடந்தால் நீ எதற்கு என்று கேட்கிறீர்களா? நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள் என்று நினைக்காதீர்கள்.

மண்டோர் வந்து பார்த்தது

ரெஜினாவைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. ரெஜினாவுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை இருந்த ஒரே ஆள் அவளுடைய அப்பா அந்தோணி. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்து பால்வெட்டுக்காரர்களை ஆயுசு முழுக்க விரட்டி வேலை வாங்கியவர். ஓய்வு பெற்றதும் ஈப்போவுக்கு வெளியே மேட்டில் இருந்த ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடிவந்திருந்தார். அவர் கணக்கில் வேலை என்றால் அதை வாளியில் ஊற்றி நிறுக்க முடிய வேண்டும். முள்ளைப் பார்ப்பது ஒரு வேலையே இல்லை. வேலை இல்லாதவனுக்குப் பெண்ணும் இல்லை. "மாதம் பிறந்தால் சம்பளம் வருதேப்பா" என்று ரெஜினா சொன்னதற்கு, அது மேலிடத்துக்குத் தெரியாமல் வருகிறது, தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்றாராம்.

நேரில் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று அவரை நிலையத்துக்கு அழைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையும் குடையுமாக வந்து, நான் போட்ட நாற்காலியில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று ஒரு முள்கூட மானத்தைக் காப்பாற்றவில்லை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தன. ஒரு பம்ப் நின்றது. நீங்களா நிறுத்தினீர்கள் என்று கேட்டார். இல்லை, தானாக நின்றது என்றேன். நடுநடுவே கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தேன். அதைத் தவிர நான் செய்ததாகச் சொல்ல எதுவும் இல்லை. சாயங்காலம் அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "தம்பி, நீங்க வேலை செய்றதப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். எப்ப ஆரம்பிப்பீங்க?"

நல்லாத்தான் வருது, ஆனா…

புகார் டெலிபோனும் எங்கள் மேசையில்தான் இருந்தது. தண்ணீர் வரவில்லை என்று திட்டுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். தண்ணீர் வரும்போது கூப்பிடுகிறவர்கள்தான் கஷ்டம். ஒரு அக்கா அடிக்கடி கூப்பிடுவார். குரலை வைத்தே அவரை எனக்கு அடையாளம் தெரியும். "தண்ணி நல்லாத்தான் வருது தம்பி. எப்ப நிக்கும்னு மட்டும் சொல்லுங்க லா, புடிச்சு வெச்சுக்கிறேன்" என்பார். நிற்காது அக்கா என்றால் நம்ப மாட்டார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்கு எண்ணம்.

ஒரு நாள் அவர் விடாமல் நச்சரிக்கவே, வாய் தவறி, "நின்னாலும் நிக்கலாம் அக்கா" என்றுவிட்டேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாமானுக்குப் போகும் தொட்டியின் பேனா சரசரவென்று கீழே இறங்க ஆரம்பித்தது. அக்கா பக்கத்து வீட்டுக்குச் சொல்லி, பக்கத்து வீடு எதிர் வீட்டுக்குச் சொல்லி, தாமான் முழுக்க அண்டாவும் வாளியும் குழந்தை குளிக்கிற தொட்டியும் நிரம்பிக்கொண்டிருந்தன. இருந்த பம்ப் எல்லாவற்றையும் ஓட விட்டும் ஈடுகொடுக்கவில்லை. மேட்டு வீடுகளில் தண்ணீர் நின்றே போயிற்று. டெலிபோன் அடித்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன். அக்கா குரலில் அப்படி ஒரு நன்றி: "நீங்க சொன்னபடியே நின்னுருச்சு தம்பி. இந்த ஆபீஸ்ல உண்மை பேசுற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

எரியாத விளக்குகள்

எங்கள் பேனலில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் அவை எரியும், கூடவே மணி கத்தும். அந்தப் பக்கத்தில் தேர்தலில் ஜெயித்த வை.பி. ஒரு தடவை நிலையத்தைப் பார்க்க வந்தார். மாலை, போட்டோக்காரர், கறிபஃப் என்று ஏற்பாடு பலமாக இருந்தது. எங்கள் எஞ்சினியர் பேனலைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். வை.பி. கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் எந்த விளக்கு எரியும் என்று என்னைக் கேட்டார்.

ஒன்றும் எரியாது ஐயா, எரியாமல் இருந்தால்தான் நல்லது என்றேன். போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். வை.பி. முகம் சுருங்கிப் போயிற்று. இத்தனை செலவில் கட்டிய அறையில் ஏற்றி வைக்க ஒரு விளக்குகூட இல்லையா என்ற வருத்தம் அவருக்கு. என் தோளில் கை போட்டு, காதோரமாகச் சொன்னார்: "நான் வந்திருக்கேன்ல தம்பி, ஏதாவது ஒண்ணக் கெடுத்துக் காட்டுங்க."

ஆ லியோங் சொன்ன ரிசல்ட்

என்னோடு மாற்றி மாற்றி வேலை பார்த்தவன் ஆ லியோங். தோட்டத்து மளிகைக் கடைக்காரரின் மகன். தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவான். சீனப் பெருநாளுக்கு அவன் வேலையை நான் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலுக்குப் போக, என் வேலையை அவன் பார்ப்பான். பேனா போடும் கோட்டைப் பார்த்தே ஊரில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவான். தீபாவளி எண்ணெய்க் குளியல், நோன்பு திறக்கும் நேரம் எல்லாமே அந்தத் தாளில் தெரியும். தைப்பிங்கில் மழை பெய்தால் மட்டும் தெரியாது, அங்கே எப்போதும் மழைதான் என்பான்.

ஒரு பேட்மின்டன் போட்டி டிவியில் ஓடிக்கொண்டிருந்த சாயங்காலம். எங்கள் அறையில் டிவி கிடையாது. ஊரில் ஒருவர்கூடக் குழாயைத் திறக்கவில்லை; கோடு அசையாமல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எல்லாத் தொட்டிப் பேனாவும் ஒன்றாகக் கீழே சரிந்தன. ஆட்டம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, யார் ஜெயித்தது என்று தெரியவில்லையே என்று நான் தவித்தேன். ஆ லியோங் கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். "தோத்துட்டோம் மச்சான். ஜெயிச்சிருந்தா பேசிக்கிட்டு நிப்பானுங்க, இவ்ளோ சீக்கிரமா எவனும் குளிக்கப் போக மாட்டான்."

நிச்சயதார்த்தத்தில் எழுந்து போனது

பார்க்க வந்த எந்த மாப்பிள்ளைக்கும் ரெஜினா காபி கொண்டுபோக மறுத்துவிட்டதால், மண்டோர் வேறு வழியில்லாமல் என் பக்கம் இறங்கி வந்தார். அரை மனசுதான். ஒரு கோணல் தெரிந்தாலும் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று உறவுக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து நிச்சயதார்த்தத்துக்கு அவர் வீட்டில் கூடினோம். அப்பா அம்மா இல்லாத எனக்குக் கூடப் பிறந்த அக்காதான் தட்டு எடுத்து வந்தாள். உபதேசியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். அந்த நேரம் பின்கட்டில் யாரோ குழாயைத் திறக்க, அது இருமிக் காற்றை விட்டது.

அந்தச் சத்தத்தில் நான் எழுந்துவிட்டேன். அந்தத் தாமானுக்கான தொட்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றில்தான் இருந்தது. தொட்டி காலியாகாமல் குழாய் அப்படி இருமாது. தொட்டி காலியாவதற்குள் பம்ப் தானாக ஓடியிருக்கும், ஓடாவிட்டால் ஆ லியோங் போட்டிருப்பான். போடவில்லை என்றால் முள் பொய் சொல்கிறது, அவனுக்கு அது தெரியாது என்று அர்த்தம். அக்காவிடம் "தொட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரெஜினாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் என் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போனேன்.

தொட்டிக்குள்ளே ஒரு மிதவை இருக்கும். அதைக் கட்டிய கம்பி சுவருக்கு மேலே கப்பியில் ஏறி, வெளிப்பக்கம் ஒரு இரும்புக் குண்டில் முடியும். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், குண்டு மேலே ஏறும். அதை வைத்துத்தான் எங்கள் முள் அசையும். அன்றைக்கு அந்தக் குண்டில் ஒரு கிடாய் கட்டியிருந்தது. நல்ல பெரிய கிடாய். வேலி பிரிந்த இடம் வழியாக யாரோ உள்ளே கொண்டுவந்து, வசதியாகத் தொங்குகிறதே என்று குண்டில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மிதவை அந்தரத்தில் தொங்கியது. பக்கத்துக் கொட்டகையில் இருந்த டெலிபோனை எடுத்து ஆ லியோங்கிடம் முள் என்ன காட்டுகிறது என்று கேட்டேன். "ஃபுல்லு லா. சில நேரம் ஃபுல்லுக்கும் மேல போகுது" என்றான். கிடாய் அப்போது எட்டி ஒரு வாய் புல் கடித்தது.

ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன். குண்டு விருட்டென்று மேலே ஏறியது, மிதவை தடாலென்று உள்ளே விழுந்தது. கொட்டகையில் தொங்கிய டெலிபோன் வழியாகவே எங்கள் அறையின் மணி கத்துவது கேட்டது. அதற்கும் மேலே ஆ லியோங்கின் குரல்: "டேய், என்னடா பண்ணித் தொலைச்சே! இவ்ளோ நேரம் நல்லாத்தானே இருந்துச்சு!"

பம்ப் ஓடித் தண்ணீர் ஏறும்வரை நான் அங்கேயே இருந்தேன். மிதவை நேராக ஏறுகிறதா என்று பார்க்காமல் வர முடியாது. கிடாயும் என்னோடு இருந்தது. கீழே என் கல்யாணம் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. கிடாயை அங்கே விட்டுவிட்டு வர மனசில்லாமல் கப்சாயின் முன்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் துருவும் ரோமமுமாக வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருந்தது. மண்டோர் கிடாயைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கல்யாணச் சாப்பாட்டுக்கென்று அவர் முன்கூட்டியே வாங்கி வளர்த்த கிடாய் அது. வந்த பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று காலையில் அவரே மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்திருக்கிறார். கயிற்றை என் கையிலிருந்து வாங்கி ரம்புத்தான் மரத்தில் கட்டினார். உபதேசியார் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தை ஆரம்பித்தார்.

நான் இல்லாதபோது நடந்ததை அக்கா அப்புறம்தான் சொன்னாள். தொட்டிக்குப் போயிருக்கிறான் என்று அவள் சொல்லியும் யாரும் நம்பாமல், மாப்பிள்ளைக்குப் பெண் பிடிக்கவில்லை, ஓடிவிட்டான் என்று பேச்சு ஆரம்பித்திருக்கிறது. ரெஜினா அழுதிருக்கிறாள். அவளுடைய சித்தப்பா தட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுந்தே விட்டாராம். மண்டோர் மட்டும் பின்கட்டில், திறந்து கிடந்த குழாய்க்கு முன்னால் நின்றிருக்கிறார். அது மறுபடி இருமி, செந்தண்ணீராகத் துப்பி, பிறகு தெளிந்து ஓடியிருக்கிறது. அவர் அதில் கையை நனைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாராம். என்னை அதற்கு முன் அவர் அந்த முறை வைத்துச் சொன்னதே இல்லை: "தண்ணி வந்திருச்சு. மாப்பிள்ளை வந்துருவாரு. எல்லாரும் உக்காருங்க."

ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று எத்தனை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. ஏதாவது ஒன்று நடந்தால்தான் நம்பிப் பெண்ணைக் கொடுக்கிறார்கள்.