கிணற்றுக்கு மேற்கே மூன்றாவது மரம்

சாக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் வகையறாவின் அடக்கத் தோட்டத்தை முதன்முறை பார்ப்பவர்கள் பூங்கா என்றே நினைப்பார்கள். நாங்கள் தச்சு வேலைக் குடும்பம். இறந்தவர்களை எரிப்பதில்லை, உட்கார வைத்துப் புதைப்போம். கல் நடுவதும் பெயர் எழுதுவதும் கிடையாது. மேலே ஒரு புங்கங்கன்று நடுவோம், அவ்வளவுதான். எத்தனையோ தலைமுறையாக நட்டதில் தோட்டம் முழுக்க நிழலாகிக் கிடக்கிறது. நடக்கப் பாதை உண்டு, நடுவில் பழைய கிணறும் உண்டு.

பதினோரு வருடங்களுக்கு முன் அம்மா இறந்தாள். தூக்கிக்கொண்டு கிளம்பியபோது நானும் பின்னாலேயே நடந்தேன். தெருமுனையில் அண்ணன் மறித்தார்.

"பொம்பளையாளு அங்குட்டு வரக்கூடாது. வீட்டுக்குப் போ."

ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. பெற்றவளைக் கடைசியாகப் பார்க்க நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? வந்த ஆத்திரத்தில், "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபடியே இருந்தும் தொலைத்தேன்.

அந்த அண்ணன்தான் அப்பா இல்லாத வீட்டில் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவர். பட்டறையில் சேரும் தேக்குச் சீவலைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா அதைப் போட்டுத்தான் வெந்நீர் அடுப்பை எரிப்பாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் மூன்று பேர் தலையிலும் ஒரே புகை வாசனை அடிக்கும். மதுரையில் வாழ்க்கைப்பட்டு இத்தனை காலமாகியும் ஒரு மரக்கடையைத் தாண்டினால் என் கால் தானாக நின்றுவிடும். அந்தப் புகைக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அடக்கத்தன்று மட்டுந்தான் பெண்களுக்குத் தடை, தை அமாவாசைக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் போகலாம். கருமாதி வீட்டிலேயே பக்கத்து வீட்டு மாமாவிடம் இடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டேன். "கிணத்துக்கு மேக்க, மூணாவது கன்னு" என்றார். மேற்கு வரிசை அப்போது புதிது.

அதிலிருந்து வருடம் தவறாமல் போனேன். அண்ணன் காலையில் வருவார் என்பதால் வேண்டுமென்றே மதியத்துக்கு மேல்தான் போவேன். ஒவ்வொரு முறையும் மூன்றாவது மரத்தடி ஏற்கெனவே ஈரமாக இருக்கும். கதம்பம் சுற்றியிருக்கும். அண்ணன் வந்து போயிருக்கிறார் என்று மனசு குளிர்ந்துபோகும். நானும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அகல் விளக்கு ஒன்றை ஏற்றிவைத்துவிட்டு, இரண்டாவது மரத்தடியில் யாரோ போட்டிருந்த மரப் பலகையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பேன். பாதி பேச்சு அண்ணன்மேல் புகார்தான். அடுத்த வருடம் காலையிலேயே வந்து பேசிவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன். பஸ் ஏறியதும் வீம்பும் கூடவே ஏறிக்கொள்ளும்.

இந்த வருடம் எனக்கு ஐம்பது முடிந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை என்று யாரோ சொன்னார்கள். முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது மரத்தடியில் என் வயது ஒத்த ஒரு பெண் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். புதுவயல் அரிசி ஆலையில் வேலையாம்.

"யாருக்கு ஊத்துறீக?" என்றேன்.

"என் வீட்டுக்காரருக்கு. நீங்க யாரைப் பாக்க வந்தீக?"

"இது எங்க அம்மா மரம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் பையில் இருந்த அகல் விளக்கைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"வெளக்கு வச்சுட்டுப் போறது நீங்கதானா? அடப் பாவமே! எவளோ ஒருத்தி வந்து போறாளேன்னு, செத்த மனுசனை இத்தன வருசமா நிக்கவச்சுல்ல வைஞ்சுக்கிட்டு இருக்கேன்!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின்தான் எனக்கு உறைத்தது.

"அப்ப எங்க அம்மா? மூணாவது கன்னுன்னுதானே சொன்னாக? எங்க அண்ணன்கூட காலையில வருவாகளே?"

"மொதக் கன்னைத்தான் அந்த வருசமே ஆடு தின்னுருச்சே. இவுக அதுக்கு அடுத்த மாசம் போய்ச் சேந்தாக, இப்ப மூணாவதா நிக்கிறது இவுகளுக்கு நட்டது. உங்க அம்மாவுக்கு நட்டது இந்தா, இந்த ரெண்டாவதுதான். உங்க அண்ணன் இங்கதான் வருவாக. அந்தப் பலகையும் அவுக போட்டதுதான்."

பலகை. பத்து வருடமும் அதில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் என் குறையையெல்லாம் கொட்டியிருக்கிறேன்.

எட்டு மணிக்கு அண்ணன் வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. நான் பலகையில் இருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாத்தா?" என்றார். "ஒவ்வொரு தை அமாவாசைக்கு மறுநாளும் ஒரு நடை வந்து பாப்பேன். நீ வந்திருந்தா ஒரு பூவாச்சும் கெடக்குமேன்னு. பத்து வருசமும் ஒண்ணும் இல்ல. நீ வந்தா உக்காரத்தான் இந்தப் பலகையவே போட்டேன்."

அந்தப் பெண் தன் மரத்தின் பின்புறம் குனிந்து, கரி பிடித்த அகல்களைச் சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வந்தாள். கோபத்தில்கூட அவற்றைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லையாம்.

"இந்தாங்க அண்ணே, உங்க தங்கச்சி வச்சது. மரம் மாறி என் வீட்டுக்காரருக்குப் போயிருச்சு."

அண்ணன் ஒவ்வொன்றாக வாங்கி அம்மாவின் வேரடியில் வைத்தார். பத்து இருந்தன. பிறகு தான் கொண்டுவந்த குடத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ முதல்ல ஊத்து" என்றார். "அன்னைக்கு உன்னை வரவிட்டிருந்தா மரம் மாறியிருக்காது."