பட்டுப்போகாத செடிகளும் பவுனுத்தாய் அக்காவும்

பவுனுத்தாய் அக்கா போய்விட்டார் என்று போன வாரம் செய்தி வந்தபோது நாங்கள் பாத்திக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தோம். மடி மொட்டால் பாதிகூட நிறையவில்லை. அக்காவின் மகன் பாண்டிதான் போன் செய்தான்.

"சின்னம்மா, அம்மா போயிருச்சு" என்றான். வேறு ஒன்றும் அவனால் சொல்ல முடியவில்லை.

மல்லிகை மொட்டு யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏறினால் வாய் விரிந்துவிடும், நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகிற வேன்காரர் முகத்தைச் சுளிப்பார். அதனால் அழுதுகொண்டே பறித்து முடித்துவிட்டுத்தான் அக்கா வீட்டுக்கு ஓடினோம். இதைக் கேட்டிருந்தாலும் அக்கா கோபப்பட்டிருக்க மாட்டார். "சாவு வீட்டுக்கும் மாலை வேணும்ல? பறிச்சுட்டு வாங்கடி" என்றுதான் சொல்லியிருப்பார்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எங்கேயாவது சுற்றிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிலக்கோட்டைக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பக்கம் மல்லிகைத் தோட்டம் அதிகம். பறிக்கிறவர்கள் எல்லாம் பெண்கள். எங்கள் கூட்டத்தில் பதினான்கு பேர். இன்றைக்கு எந்தத் தோட்டம், யார் எந்தப் பாத்தி, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று பார்ப்பது பவுனுத்தாய் அக்கா. நல்ல உயரம். தலையில் துண்டு, கன்னத்துக்குள் எப்போதும் அதக்கிய புகையிலை. பேசுவதற்கு முன்னால் துப்புவார். அவர் துப்பினாலே நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். ஒருமுறை திண்டுக்கல் பஸ்ஸில் கண்டக்டர் அக்காவிடம், "மல்லிப்பூ வாசமும் பொயல வாசமும் ஒரே ஆள்கிட்ட வருதே" என்றார். "ரெண்டும் இல்லாட்டி இந்த பஸ்ஸுல வேர்வை வாசம்தான்யா வரும், சும்மா விசிலை அடி" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தூரமான பெண் அந்த மூன்று நாளும் மல்லிகைத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் செடி பட்டுப்போகும் என்பார்கள். எங்கள் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத எங்கள் தேதியெல்லாம் அக்காவுக்குத் தெரியும். யார் எந்த மூன்று நாள் வரமாட்டார்கள் என்று பார்த்துத்தான் ஆள் பிரிப்பார்.

எனக்கு முப்பத்தெட்டு வயது நடந்தபோது உதிரப்போக்கு வந்தது. மூன்று நாளில் நிற்கவில்லை, பத்து நாளிலும் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் குடித்துவிட்டுக் குப்புறக் கிடந்த காலம் அது. அடுப்பு எரிவது என் ஒருத்தி கையால். மூன்று நாள் என்றால் வீட்டில் இருக்கலாம். தினமும் என்றால் எங்கே போவது? அக்கா கேட்டபோது பொய் சொன்னேன்.

"எனக்கு நின்னுபோச்சுக்கா."

"அதுக்குள்ளயா?"

"எங்க அம்மாவுக்கும் சீக்கிரமே நின்னுச்சு."

கூட்டத்தில் எல்லாருக்கும் கொண்டாட்டம். "குடுத்து வச்சவடி நீ, துணி அலசுற வேலை விட்டுச்சு" என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்தப் பொய் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஊர் அம்மனுக்குத் தோட்டத்தின் தலைப் பாத்தியில் பறிப்பார்கள். அதைத் தீட்டு நின்ற பெண்கள்தான் பறிக்க வேண்டும். அக்கா என்னையும் அதில் சேர்த்துவிட்டார். ஒவ்வொரு வெள்ளியும் பயந்துகொண்டே பறிப்பேன். "தாயே, நீயும் பொம்பளதானே, கண்டுக்காத" என்று மனசுக்குள் கும்பிடுவேன்.

ஐந்து மாதம் ஓடியது. பங்குனி வெயிலில் ஒரு நாள் பாத்தியிலேயே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது சேலையெல்லாம் ரத்தம். என்னோடு பறித்த பெண்கள் இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். தோட்டக்காரரின் அம்மா எடைபோடும் இடத்திலிருந்து ஓடி வந்தார். அவரை நாங்கள் பெரியம்மா என்போம்.

"பாவி, தோட்டத்தையே கெடுத்துட்டாளே! சாமி பூவை வேற தொட்டிருக்காளே!"

அக்கா புகையிலையைத் துப்பினார். தலைத்துண்டை அவிழ்த்து என் இடுப்பில் சுற்றினார்.

"எம்புட்டு நாளா இப்படி?"

"அஞ்சு மாசமாக்கா."

இனிமேல் எனக்கு எந்தத் தோட்டத்திலும் வேலை இல்லை என்று நினைத்தேன். அக்கா எழுந்து பாத்தி நெடுகப் பார்த்தார். அன்றைக்கென்று செடி தெரியாத அளவுக்கு மொட்டு. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"பெரியம்மா, அஞ்சு மாசமா இவ ரத்தத்தோடதான் இந்தத் தோட்டத்தைத் தொட்டிருக்கா. எந்தச் செடி பட்டுப்போச்சு, காட்டுங்க. நான் புடுங்கிட்டு வேற நட்டுத் தாரேன்."

பெரியம்மா பாத்தியை மேலும் கீழும் பார்த்தார்.

"செடி பட்டுப்போகல. இவதான் பட்டுப்போயிக்கிட்டு இருக்கா. ஏய், என்னடி பாக்குறீங்க, ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

ஆட்டோவில் என் தலை அக்காவின் மடியில் கிடந்தது. வழியெல்லாம் அவர் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். "வராதவளை ஏன் வரலன்னு கேட்டேன். நாள் தவறாம வந்தவளை ஏன் வந்தன்னு கேக்காமப் போயிட்டேனே." அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதற்கு முன்னால் அப்படி நான் கேட்டதில்லை.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லையேம்மா, எப்படி நடந்தீங்க?" என்றார்.

"எங்களுக்கு நடக்குறதுக்கு ரத்தம் வேண்டாம் டாக்டரம்மா. பயம் இருந்தாப் போதும்" என்றார் அக்கா.

கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் ஏற்றி, பிறகு ஆபரேஷன் செய்தார்கள். அக்கா வார்டிலேயே தரையில் படுத்து எனக்குக் கஞ்சி ஊட்டினார். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் சேர்த்து ஊட்டினார். அவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. டாக்டரம்மா ஒரு நாள் அக்காவின் வாயைத் திறக்கச் சொன்னார். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. "இன்னைக்கே புகையிலையை விடணும், இதை உடனே காட்டணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். "காட்டுறேன், காட்டுறேன், முதல்ல இவளை எழுப்பி விடுங்க" என்றார் அக்கா.

நான் தேறி வந்தபிறகு கூட்டத்தில் அக்கா சொன்னது எல்லாருக்கும் மனப்பாடம். "தூரமானாலும் தெம்பு இருக்கறவ வரலாம். முடியாதவ வீட்டுல படுக்கலாம். ஆனா ஏழு நாளைக்கு மேல போனா என்கிட்ட சொல்லணும். மறைச்சது தெரிஞ்சுச்சு, கொண்டையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஆஸ்பத்திரியில தள்ளுவேன்." அப்படி இரண்டு பேரை இழுத்துக்கொண்டும் போனார்.

தன் வாயை மட்டும் அவர் காட்டவில்லை. புகையிலையை விடப் பார்த்தார், அதையும் சொல்ல வேண்டும். பல்வலிக்குப் பழகியது இருபது வருஷமாக விடவில்லை. ஒன்பது நாள் கிராம்பை மென்றார். அந்த ஒன்பது நாளும் நாங்கள் பட்ட பாடு! தூக்கம் இல்லாமல், கை நடுங்கி, கண்ணில் பட்டவரிடமெல்லாம் சண்டை. பத்தாம் நாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கடைக்குப் போயி ஒரு பொட்டலம் வாங்கியா."

"டாக்டரம்மா சொன்னாங்கல்லக்கா."

"உனக்கு இருந்ததைக் கத்தி வச்சு எடுத்துட்டாங்க. எனக்கு இருக்கிறதை நானேல்ல எடுக்கணும்? முடியலடி."

எனக்குக் கஞ்சி ஊட்டியவர் கெஞ்சினால் எப்படி மறுப்பேன்? வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் கொடுத்தேன். அவரைக் கொண்டையைப் பிடித்து இழுத்துப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வாய் திறக்க முடியாமல், சோறு இறங்காமல் போனபிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம். வாய்ப் புற்று, நாள் கடந்துவிட்டது என்றார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பறிக்கப் போனோம். பெரியம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"பவுனுத்தாயே போயிட்டா. இனிமே பழையபடி இருங்க. செடியைத் தொடலாம்னு சொன்ன வாயி, அதான் அம்மன் அந்த வாயிலேயே தண்டனையைக் கொடுத்துட்டா."

எங்களில் இளையவள் சங்கீதா அன்றைக்குத் தூரம். எங்களுக்கெல்லாம் அது தெரியும். மடி கட்டப்போன துணியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போவதா நிற்பதா என்று தெரியாமல் வரப்பிலேயே நின்றாள். நான் பெரியம்மாவை எதிர்த்துப் பேசியதே இல்லை.

"அம்மனை இழுக்காதீங்க பெரியம்மா" என்றேன். "அக்கா வாயைத் தின்னது பொயல. அதைக் கடையில போயி வாங்கிக் கொடுத்தது நான். பழி சொல்றதா இருந்தா என்னையச் சொல்லுங்க. இந்தப் புள்ளைய ஏன் திருப்பி அனுப்புறீங்க?"

பெரியம்மா முந்தானையை உதறிக்கொண்டு எடைத் தராசுப் பக்கம் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

"வயிறு வலிக்குதாடி? முடியலன்னா போயிப் படு" என்றேன் சங்கீதாவிடம்.

"முடியும்க்கா."

"அப்ப மடியைக் கட்டு. வெயில் ஏறுது."

அவள் துணியை விரித்து இடுப்பில் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். முதல் மொட்டைக் கிள்ளும்போது கை கொஞ்சம் தயங்கியது. இரண்டாவதுக்குத் தயங்கவில்லை.

அக்கா, பொட்டலம் வாங்கிக் கொடுத்ததற்கு உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உங்கள் காது கேட்கிறபோது கேட்காமல் விட்டுவிட்டேன். பெரியம்மாவுக்கு முன்னால்தான் அதை ஒப்புக்கொள்ள முடிந்தது. நிம்மதியாகப் போங்கள், அக்கா. இந்த வாரம் ஒருத்தியும் எங்களிடம் பொய் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் வரவில்லை.