தண்ணீர் போன பக்கம்

கலியாணமான நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அவரோடு ஒருதரம் படகில் போகவேண்டும், மாட்டு நினைப்பில்லாமல். மாகறலில் எங்களுக்கு இரண்டு கறவை மாடு. தன் கை பட்டால்தான் பால் இறங்கும் என்பது என் வீட்டுக்காரரின் நினைப்பு. அப்படிப்பட்டவர் போன தை மாதம் என் அண்ணன் காரை இரவல் வாங்கிவந்து, "கெளம்புமே, மத்தியான போட்ல போய்ட்டு கறவைக்கு வந்துடலாம்" என்றார். நான் நம்பவில்லை. நம்பாமலே பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன்.

கடற்கரைச் சாலைப் பாலத்தோடு போன் மேப்பில் வழி சொன்ன பெண் வாயை மூடிக்கொண்டாள். படகுத்துறைக்காரரைக் கூப்பிட்டால், "பாலத்துலேர்ந்து முகத்துவாரம் பக்கமா வாங்க" என்று வைத்துவிட்டார். உப்பங்கழி கரையை ஒட்டி நீளமாகக் கிடந்தது. எந்தப் பக்கம் கடலில் சேருகிறது என்று தெரியவில்லை. அவர் இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து தெற்கே மிதந்து போனது.

"தண்ணி எங்க போவுதோ அங்கதான் கடலு கீது. இதுகூடவா தெரியாது?"

செய்யாற்றங்கரையில் பிறந்தவருக்கு வேறெப்படித் தோன்றும்? எங்கள் ஆறு ஒருநாளும் திரும்பி ஓடியதில்லை.

தெற்கே போனோம். வலை காயும் துறை வந்தது, படகுத்துறை வரவில்லை. அங்கே மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாள், "இப்ப ஏத்தம்மா, கடல் உள்ள வருது. முகத்துவாரம் வடக்கால" என்றாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

சரியான துறைக்கு வந்தும் வண்டியை நிறுத்தினாரா? வெயிலில் விட்டால் அண்ணன் கார் பெயின்ட் போய்விடுமாம். நிழல் என்றால் தென்னைதான், அதன் அடியில் எங்கள் ஊர்க்காரன் எவன் வண்டி விடுவான்? சவுக்குத் தோப்பைக் கண்டுபிடித்து, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, மணலில் நடந்து வருவதற்குள் மத்தியானப் படகு போயே போய்விட்டது. அடுத்தது பொழுது சாய்கிற நேரத்துக்கு. அதில் ஏறினால் கறவைக்குப் போக முடியாது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வாங்க போலாம், உங்க மாடு தேடும்" என்றேன்.

அவர் நேரே போய்த் துறையின் மிதக்கும் பலகையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பலகை மெல்ல ஆடியது. போனை எடுத்துப் பக்கத்து வீட்டில் பேசினார்: "இன்னிக்கு நீயே கறந்துடு. நாங்க வர நேரமாவும்."

அந்த மதியம் எப்படிப் போனதென்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தூங்கினோமா, பேசினோமா. கண்ணை மூடினால் அந்த ஆட்டம் மட்டும் உடம்பில் வருகிறது.

படகில் ஏறியபோது தண்ணீர் மஞ்சளாகியிருந்தது. ஓட்டமும் திரும்பி, வடக்கே போய்க்கொண்டிருந்தது. "இப்பதான் ஒழுங்கா போவுது" என்றார், தான்தான் திருப்பிவிட்டது மாதிரி.

நடுக்கழியில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. பக்கத்து வீடாகத்தான் இருக்கும். பால் இறங்கவில்லை போலும்.

"எடுங்க, மாடு" என்றேன்.

எடுத்துப் பார்த்து, அமுக்கி, மறுபடி பைக்குள் போட்டார்.

"கெடக்கட்டும். நீ தண்ணியப் பாரு."